ஏ.ஆர்-15க்கு .22 கன்வர்ஷன் கிட்: முதலில் உங்கள் பேரலைப் படியுங்கள்

ஏ.ஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர், அதிலேயே சின்ன .22 ரிம்ஃபயர் தோட்டாவைச் சுட வைக்கும் கன்வர்ஷன் கிட் வாங்க நினைத்தால், எந்தக் கம்பெனி நல்லது என்று தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் தன் பேரல் (துப்பாக்கிக் குழாய்) மேல் பொறித்திருப்பதை ஒருமுறை படித்துவிட வேண்டும். 5.56 நேட்டோ, .223 ரெமிங்டன், .223 வைல்டு, துளை ஒரே அளவான இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். .300 பிளாக்அவுட் என்று இருந்தால் இந்தக் கிட் உங்களுக்கு இல்லை. அந்தப் பேரலின் துளை .30 கணக்கு, .22 குண்டு அதில் ரைஃபிளிங்கை, அதாவது குண்டைச் சுழற்றும் உள்வரிகளை, பிடிக்கவே பிடிக்காது. காலிபர் பெயருக்குப் பக்கத்திலேயே 1:7, 1:8, 1:9 என்று குண்டின் சுழற்சியைச் சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கிட்டின் பளபளப்பையும் மேகசின் எத்தனை தோட்டா பிடிக்கும் என்பதையும் பார்க்கிறார்கள், இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. அப்புறம் 50 கெஜத்தில் குண்டுகள் சிதறிப் போகும்போது கிட் மோசம் என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இந்த ஏற்பாடு எப்படிச் சாத்தியமாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தேர்வு செய்வதற்கான பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. .22 லாங் ரைஃபிள் என்பது 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த தோட்டா. அதன் குண்டின் விட்டம் ஏறக்குறைய .223 அங்குலம். 5.56இன் குண்டு .224. அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே குழாயில் போகக்கூடியவை. நீளத்திலும் அழுத்தத்திலும்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: .22க்கு அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, .223 ரெமிங்டனுக்கு 55,000. 40 கிரெயின் (குண்டின் எடை அளவு) .22 குண்டு நொடிக்கு 1,200 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 170 ஜூல் சொச்சம், 55 கிரெயின் 5.56 குண்டு 1,700 ஜூலைத் தொடும். ஆக ஆற்றல் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு ஏ.ஆரில் தோட்டாவை ஏற்றி அடைக்கும் கனமான போல்ட் கேரியரைப் பின்னால் தள்ள முடியாது, அதனால் கிட் செய்கிறவர்கள் அதை மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு, அதே இடத்தில் உட்காருகிற இலேசான ஒரு போல்ட்டைத் தருகிறார்கள். அதன் முன்முனையில் .223 தோட்டா வடிவத்திலேயே ஓர் உலோகத் துண்டு இருக்கும், அது தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், .22 தோட்டா அதற்குள் ஏறும். போல்ட்டுக்கென்று சொந்த ஸ்பிரிங் உண்டு, தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பிகள் உண்டு. சுட்டதும் காலிக் கூடு பின்னால் தள்ளும் விசையிலேயே போல்ட் பின்னுக்குப் போய், ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும். சுடும்போது போல்ட்டைப் பிடித்து வைக்கும் பூட்டு கிடையாது, வாயுவின் உதவி கிடையாது. பின்கட்டையில் போல்ட் கேரியரின் அடியைத் தாங்க இருக்கும் பஃபரும் அதன் ஸ்பிரிங்கும் அசையாமல் சும்மா இருக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. மேக்ஸ்வெல் அட்சிசன் என்பவர் செய்த வடிவம்தான் இன்று விற்கிற பல கிட்களுக்கு மூதாதை. அமெரிக்க ராணுவமே ஏ.ஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16க்கு எம்261 என்ற பெயரில் ஒரு கிட் வைத்திருந்தது, சாதாரண எம்16 மேகசினுக்குள்ளேயே 10 தோட்டா பிடிக்கும் ஒரு உள்துண்டைச் செருகிச் சுடுவார்கள். விலை குறைந்த தோட்டாவில், சின்ன ரேஞ்சில், தன் சொந்தத் துப்பாக்கியிலேயே ஒருவர் பழக வேண்டும் என்பதுதான் அன்றைக்கு நோக்கம். இன்றைக்கும் கிட் வாங்க அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிட் பயிற்சிக்கு. குறி தவறாத .22 ரைஃபிள் ஒன்று வேண்டும், 50 கெஜத்தில் ஒரே துளையில் ஐந்து குண்டு போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் கிட் வாங்கவே கூடாது. அவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன். ட்ரிக்கரை அசைக்காமல் இழுப்பது, சேஃப்டியைத் தட்டுவது, தோளில் வைத்ததும் ரெட் டாட் குறிநோக்கியின் சிவப்புப் புள்ளி கண்ணுக்கு நேரே வருவது, மேகசின் மாற்றுவது, நடந்துகொண்டும் நின்றும் சுடுவது, ஒரு இலக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்புவது, இதெல்லாம் தன் சொந்தத் துப்பாக்கியின் எடையோடும் பிடியோடும் கைக்கு ஏற வேண்டும் என்கிறவருக்குக் கிட் மாதிரி ஒன்று கிடையாது. ஏனென்றால் அவர் கையில் இருப்பது அதே ட்ரிக்கர், அதே கட்டை, அதே குறிநோக்கி.

சரி, 1:7 விஷயத்துக்கு வருவோம். அந்த எண்ணுக்குப் பொருள் குண்டு 7 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுழலும் என்பது. .22க்கென்றே செய்த பேரல்களில் இது வழக்கமாக 1:16. நொடிக்கு 1,200 அடியில் போகும் குண்டு 1:16இல் நிமிடத்துக்கு 54,000 சுற்று சுழலும், 1:7இல் 1,23,000 சுற்றுக்கு மேல். அதனால் குண்டு பிய்ந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது தேவையில்லாத பயம். தொல்லை வேறு. .22 குண்டு மெத்தென்ற ஈயம், அதுவும் மொத்தமாக வார்த்துத் தள்ளும் மலிவுத் தோட்டாவில் எடை நடுவில் சரியாக உட்கார்ந்திருக்காது. மெதுவாகச் சுழலும்போது அந்தக் குறை அடங்கியிருக்கும், இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் குண்டைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது: உண்மையான .22 ரைஃபிளில் குண்டின் மூக்கு ரைஃபிளிங்கைத் தொட்டுக்கொண்டோ மிக அருகிலோ இருக்கும், கிட்டில் அது அந்த உலோகத் துண்டின் கழுத்தைக் கடந்து, தாவிப் போய்த்தான் ரைஃபிளிங்கைப் பிடிக்கிறது. அந்தத் தாவலில் கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு. பழைய எம்16ஏ1 பேரல் 1:12, அதில் கிட்கள் கொஞ்சம் நிம்மதியாகச் சுட்டன. இப்போதைய துப்பாக்கிகளில் 1:9 கிடைத்தால் அதிர்ஷ்டம், 1:8 பரவாயில்லை, 1:7 என்றால் 50 கெஜத்தில் இரண்டு மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுந்தாலே திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள். 25 கெஜத்தில் எஃகுத் தட்டை அடிக்க அது தாராளம்.

அடுத்து உங்கள் ட்ரிக்கர். கம்பெனியில் வந்த சாதாரண ட்ரிக்கர் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. போட்டிக்கென்று மாற்றிய இலகுவான ட்ரிக்கர் வைத்திருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ரிம்ஃபயரில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது, ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் பற்றும், அதற்கு ஹேமர் (பின்னை அடிக்கும் சுத்தி) நல்ல வேகத்தில் வந்து அடிக்க வேண்டும். ஹேமர் ஸ்பிரிங்கைக் குறைத்து வைத்திருந்தால் நான்கைந்துக்கு ஒன்று பற்றாமல் நிற்கும், அப்போது தோட்டாவைத் திட்டிப் பயனில்லை. வெளியே விழுந்த தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். ஆழமான தடம் இருந்தும் பற்றவில்லை என்றால் தோட்டாவின் குற்றம், தடம் மேலோட்டமாக இருந்தால் அடி போதவில்லை. ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடங்கிய கேசட் வகை ட்ரிக்கர்களில் சில கிட்டோடு ஒத்துப்போகாது. ட்ரிக்கர் செய்தவரும் கிட் செய்தவரும் இதைப் பற்றி எழுதியே வைத்திருப்பார்கள், வாங்குமுன் இரண்டையும் படித்துவிடுங்கள். வாயு ஒரு கம்பியைத் தள்ள, அது போல்ட்டைத் தள்ளும் பிஸ்டன் வகை ஏ.ஆர் வைத்திருப்பவர்களும் முதலில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, பிஸ்டன் கம்பி வந்து நிற்கும் இடத்தில் எல்லாக் கிட்டும் பொருந்துவதில்லை.

மேகசினைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட் தகராறு என்று நான் பார்த்தவற்றில் பெரும்பகுதி மேகசின் தகராறுதான். .22 தோட்டாவின் விளிம்பு கூட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராது. தோட்டாவை அவசரமாகத் திணிக்கும்போதும், பாதி நிரப்பிய மேகசினை மேசையில் தட்டும்போதும் இது நடக்கும். ஒவ்வொன்றாக, மூக்கு கொஞ்சம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள். முழுக்க நிரப்பாமல் ஒன்றிரண்டு குறைத்துப் போட்டால் பல மேகசின்கள் அடங்கி வேலை செய்யும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இது. மேகசினின் வாய் உதடுகள் பிளாஸ்டிக்கா எஃகா, அந்த உதடு தேய்ந்தால் தனியாக மாற்ற முடியுமா, உங்கள் லோயரின் (துப்பாக்கியின் கீழ்ப்பாதி) மேகசின் குழிக்குள் ஆடாமல் உட்காருகிறதா, பட்டனை அழுத்தினால் தானாக விழுகிறதா. இன்னொன்று, அந்த மேகசின் ஒரே கம்பெனியோடு நின்றுவிடுகிறதா, அல்லது பிறரும் செய்து விற்கிறார்களா. சி.எம்.எம்.ஜி கம்பெனியின் கிட்டுக்குப் பிளாக் டாக் மெஷின் என்ற வேறு கம்பெனியின் மேகசின் போட்டுச் சுடுகிறவர்கள் நிறைய. இப்படி இரண்டு மூன்று இடத்தில் மேகசின் கிடைக்கிற வடிவத்தையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். கிட் இருபது வருடம் உழைக்கும், மேகசின் உழைக்காது. மேகசின் கிடைக்காத கிட் அலமாரியில் தூங்கத்தான் லாயக்கு. அதோடு பல ஊர்களில் மேகசினில் எத்தனை தோட்டா இருக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு, சில இடங்களில் அது 10, சில இடங்களில் .22க்குத் தனிக் கணக்கு. அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி ஏ.ஆரின் லோயர்தான் துப்பாக்கி, கிட் வெறும் உதிரிபாகம், என்றாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்க்காமல் 25 தோட்டா மேகசினை ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னால் நிற்குமா? இதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், அது நியாயமான கவலை. பழைய வடிவக் கிட்களில் நிற்காது, காலி சேம்பரில் ஹேமர் கிளிக் என்று விழும். ரிம்ஃபயரில் காலியாக அடிப்பது நல்லதல்ல, பின் நேராகப் போய்ச் சேம்பரின் விளிம்பைக் கொத்தும், அடிக்கடி நடந்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து தோட்டா ஏறுவது சிரமமாகும். நல்ல கிட்களில் பின் அவ்வளவு தூரம் வராதபடி தடுப்பு வைத்திருப்பார்கள், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில கம்பெனிகள், போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்சோடு சேர்த்து மாட்டும் ஒரு சின்னத் துண்டைத் தனியாக விற்கின்றன, அதோடு அதற்கேற்ற மேகசினும் இருந்தால் கடைசித் தோட்டாவில் போல்ட் நிற்கும். மேகசின் மாற்றிப் பழகுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் இதற்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் அல்ல, ஏனென்றால் போல்ட் நிற்காத துப்பாக்கியில் பழகினால் நீங்கள் பழகுவது வேறொரு பழக்கம். போல்ட்டை முன்னால் தள்ளி மூடும் ஃபார்வர்ட் அசிஸ்ட் பட்டன் பெரும்பாலான கிட்களில் எதையும் தொடாது, அதற்கும் சிலர் தனித் துண்டு விற்கிறார்கள், எனக்கு அது தேவையாகத் தோன்றவில்லை. ஆனால் காலிக் கூடு போல்ட்டுக்கும், அதைக் கையால் பின்னால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலுக்கும் நடுவில் போய்ச் சிக்குவதைத் தடுக்கிற மாற்று ஹேண்டில் ஒன்று வருகிறது, அது உபயோகமான பொருள். அந்த இடத்தில் ஒரு கூடு மாட்டிக்கொண்டால் ரேஞ்சில் நின்று எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கிட் செய்த உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுக்க ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்தது என்றால் துடைப்பது சுலபம், துரு பயம் குறைவு. மேலே வெறும் பூச்சுப் பூசியது என்றால் பூச்சு தேயும் இடங்களில் கரி ஒட்டிக்கொள்ளும். காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங், ஃபயரிங் பின், ரிகாயில் ஸ்பிரிங், இந்த நான்கும் உதிரியாக விற்கிறார்களா என்று பாருங்கள். விற்கவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தாண்டிப் போங்கள்.

தோட்டா விஷயத்தில் கிட்கள் கொஞ்சம் அடம்பிடிப்பவை. பூட்டில்லாத போல்ட்டை வெறும் தள்ளு விசையே நகர்த்த வேண்டியிருப்பதால், 40 கிரெயின், வட்ட மூக்கு, ஹை வெலாசிட்டி, முடிந்தால் செம்புப் பூச்சு, இந்த நான்கும் சேர்ந்த தோட்டாதான் பாதுகாப்பான தொடக்கம். சி.சி.ஐ கம்பெனியின் மினி மேக் 40 கிரெயின் நொடிக்கு 1,235 அடி, பலருடைய கிட் அதில்தான் முதன்முதலில் சிக்கலில்லாமல் ஓடியிருக்கும். அதே சி.சி.ஐயின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடி. ரைஃபிளில் அருமையான தோட்டா அது, ஆனால் பல கிட்களில் போல்ட் பாதி வழியில் நின்று கூடு குறுக்கே மாட்டும். ஸ்டிங்கர் மாதிரி அதிவேகத் தோட்டாவில் கூடு வழக்கமானதைவிட நீளம், கிட் கம்பெனி சரி என்று சொல்லியிருந்தால் தவிர அதைப் போடவேண்டாம். மொத்தப் பெட்டியில் வரும் பூச்சில்லாத ஈயக் குண்டு ஓடும், ஆனால் அது கொண்டுவரும் அழுக்கு தனி அத்தியாயம். கிட் கையில் வந்ததும் ஒரே வகையை மொத்தமாக வாங்கி அடுக்காமல், நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி எடுத்துப் பாருங்கள், எது தடையில்லாமல் ஓடுகிறது என்று முதலில், எது நெருக்கமாக விழுகிறது என்று அப்புறம். கூடவே, புதுக் கிட்டில் முதல் இருநூறு முந்நூறு தோட்டாவுக்குக் கொஞ்சம் எண்ணெய் தாராளமாக விட்டுச் சுடுங்கள். கம்பிகளும் போல்ட்டும் ஒன்றுக்கொன்று பழகும்வரை சில தடங்கல்கள் வரும், அதை வைத்து உடனே முடிவு கட்டவேண்டாம்.

அழுக்கு. .22 அழுக்கான தோட்டா, அதில் இரண்டு கருத்து கிடையாது. மெழுகு, எரியாத மருந்து, ஈயத் துகள் எல்லாம் போல்ட்டிலும் ட்ரிக்கர் குழியிலும் கொட்டும். பேரலில் 5.56இன் வாயுவை எடுத்துப் போல்ட்டை நகர்த்தப் போட்ட வாயுத் துளை அப்படியே திறந்துதானே இருக்கிறது, அதன் வழியாகக் கொஞ்சம் வாயுவும் அதோடு கரியும் ஈயமும் வாயுக் குழாய்க்குள் போகும். .22 சுட்டு முடித்ததும் சில 5.56 சுட்டால் அது ஊதித் தள்ளிவிடும் என்பது பரவலான வழக்கம், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அதை விடக் கூடாது.

.22இல் மருந்து குறைவாகப் போன தோட்டா எப்போதாவது வரும். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்கும், போல்ட் நகராது, குண்டு பேரல் நடுவிலேயே நின்றுவிட்டிருக்கலாம். அந்த நிலையில் இன்னொரு .22 சுட்டாலே பேரல் வீங்கும், 5.56 சுட்டால் பேரலும் போய் ஆளுக்கும் ஆபத்து. அதனால் மந்தச் சத்தம் கேட்ட உடனே நிறுத்தி, மேகசினை எடுத்து, கிட்டை வெளியே எடுத்து, துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும். கிட்டை எடுத்து 5.56 போல்ட்டை மாட்டும் ஒவ்வொரு முறையும், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைச் செய்யுங்கள். அதே நேரத்தில் மேசை மேலும் சட்டைப் பையிலும் .22 தோட்டா ஒன்றுகூட இல்லாமல் எடுத்து வைத்துவிடுங்கள், சின்னத் தோட்டா பெரிய சேம்பருக்குள் நழுவிப் போய்க் கிடந்தால் வெளியிலிருந்து தெரியாது. ட்ரிக்கரை இழுத்தும் சுடவில்லை என்றால், ரேஞ்சின் பக்கமே பேரலைக் காட்டியபடி குறைந்தது 30 நொடி காத்திருந்துவிட்டுத் திறங்கள், தாமதமாகப் பற்றும் தோட்டா ரிம்ஃபயரிலும் உண்டு. கண்ணாடி போடாமல் கிட் சுடவே கூடாது. பூட்டில்லாத போல்ட் முழுதாக மூடாத நேரத்தில் தோட்டா வெடித்தால் கூடு கிழிந்து பித்தளைத் துணுக்கு தெறிக்கும், இடது கையால் சுடுகிறவர்களுக்கு வலப்பக்கம் திறக்கும் இந்தத் துப்பாக்கியில் அது முகத்துக்கு இன்னும் நெருக்கம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் குண்டில் மட்டுமல்ல, பற்றவைக்கும் மருந்திலும் இருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

சத்தம் குறைக்கும் சப்ரெஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 5.56க்கான பல சப்ரெஸர்கள் முழுக்க வெல்டிங் செய்து மூடியவை, பிரிக்க முடியாது. .22இன் ஈயம் அதற்குள் படிந்தால் எடுக்க வழியில்லாமல் எடை ஏறிக்கொண்டே போகும். பிரித்துக் கழுவக்கூடிய .22 சப்ரெஸரை மாட்டுங்கள். அதைக் கழற்றாமல் 5.56 சுட்டுவிடாதபடி உங்களுக்கென்று ஒரு ஒழுங்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறி வைக்கும் கணக்கும் மாறும். 50 கெஜத்தில் இரண்டுக்கும் குறியைச் சரிசெய்தால், 5.56 குண்டு 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே போகும், .22 அதே தூரத்தில் அரையடி கீழே விழுந்திருக்கும். ஆகவே கிட்டை வைத்து 100 கெஜம் பழகலாம் என்று திட்டமிட்டவர்கள் அந்தத் திட்டத்தை விட்டுவிடலாம், காற்றும் சேர்ந்து அலைக்கழிக்கும். ஆனால் கிட்டத்துத் தூரத்தில் கதை வேறு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. ஏ.ஆரில் குறிநோக்கி பேரலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கிறது, அதனால் 7 கெஜம் 10 கெஜத்தில் நீங்கள் பார்க்கும் புள்ளிக்கு இரண்டு அங்குலம் கீழேதான் குண்டு போகும், எவ்வளவு மேலே பிடிக்க வேண்டும் என்று கைக்கும் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வித்தியாசம் .22இலும் 5.56இலும் ஏறக்குறைய ஒன்றேதான், ஏனென்றால் அவ்வளவு கிட்டத்தில் குண்டு விழுவது கணக்கிலேயே வராது, குறிநோக்கியின் உயரம்தான் எல்லாம். இந்தப் பாடத்தை .22இன் செலவில் கற்றுக்கொள்வது பெரிய லாபம். இரண்டுக்கும் குறி விலகல் எவ்வளவு என்று ஒருமுறை சுட்டுப் பார்த்து, குறிநோக்கியின் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பின்கட்டையில் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

கிட் கற்றுத்தராத ஒன்றும் இருக்கிறது. பின்னுதைப்பு. .22இல் அது இல்லவே இல்லை, அதனால் இரண்டு மூன்று குண்டை வேகமாகப் போட்டு எல்லாம் ஒரே இடத்தில் விழும்போது நாம் ரொம்பத் தேறிவிட்டோம் என்று தோன்றும். 5.56க்கு மாறினால் முதல் குண்டு இருக்கிற இடத்தில் இருக்கும், இரண்டாவது எங்கோ இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் கொஞ்சம் 5.56 சுடச் சொல்கிறேன், வாயுக் குழாய்க்காக மட்டுமல்ல. புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவருக்கோ இந்தக் குறையே வரம். சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் அவருக்கு வருவதற்கு முன்னாலேயே நல்ல பழக்கம் வந்துவிடும்.

துல்லியம் வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன் என்றேனே, அவை இரண்டு. ஒன்று, .22க்கென்றே செய்த முழு அப்பர், அதாவது பேரலோடு சேர்ந்த மேல்பாதி. 1:16 பேரல், சரியான .22 சேம்பர், வாயுத் துளை இல்லை, வாயுக் குழாய் இல்லை. இரண்டு பின்னைத் தட்டிக் கழற்றி உங்கள் லோயரில் மாட்டினால் போதும், ட்ரிக்கரும் கட்டையும் உங்களுடையவைதான். அதற்கென்று தனிக் குறிநோக்கியும் வைத்துவிட்டால் கிளிக் கணக்கே வேண்டாம். கிட்டைவிட விலை நன்றாகவே அதிகம். இரண்டாவது, 2009இல் ஸ்மித் அண்ட் வெசன் கொண்டுவந்த எம் அண்ட் பி 15-22 மாதிரி, பார்ப்பதற்கு ஏ.ஆர் போலவே இருக்கும் தனி .22 ரைஃபிள். அது தடையில்லாமல் சுடும், குடும்பத்தில் இன்னொருவருக்கும் கொடுக்கலாம். ஆனால் உடல் பாலிமர், எடை குறைவு, ட்ரிக்கர் உங்களுடையதல்ல, சட்டப்படி இன்னொரு துப்பாக்கி என்பதால் அதற்கான காகிதங்களும் தனி.

இந்த மூன்றில் எது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: மாதத்துக்கு எவ்வளவு .22 சுடப் போகிறீர்கள்? எப்போதாவது ஒரு பெட்டி என்றால் கிட்டே போதும், துப்பாக்கிப் பையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் கிடக்கும், ஒரு நிமிடத்தில் மாட்டலாம். ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கணக்கில் சுடுவேன், 5.56 எப்போதாவதுதான் என்றால் தனி அப்பர், ஏனென்றால் அவ்வளவு ஈயத்தையும் கரியையும் உங்கள் நல்ல 5.56 பேரலிலும் வாயுக் குழாயிலும் ஓட்டுவதில் அர்த்தமில்லை. முதலில் கிட் வாங்கி, பிறகு சுடுவது அதிகமானால் அப்பருக்குப் போவதும் நல்ல வழிதான், இரண்டும் ஒரே மேகசினில் ஓடும்படி தேர்ந்தெடுத்தால் அந்தச் செலவும் வீணாகாது. கிட் வாங்கும்போதே அந்தக் கம்பெனி .22 அப்பரும் விற்கிறதா, அதில் எந்த மேகசின் போகும் என்று பார்த்துவிடுங்கள்.